ரஜினிக்கு வந்த ரத்தக்குழாய் வீக்கம் காலிலும் வருமா? முழங்காலுக்குப் பின்னால் துடிக்கும் கட்டியை ஏன் தேய்க்கக் கூடாது?

2024 செப்டம்பர் 30-ம் தேதி இரவு நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்போலோ மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். மறுநாள் வந்த மருத்துவமனை அறிக்கையில், இதயத்திலிருந்து வெளியே வரும் முக்கிய ரத்தக்குழாயில் வீக்கம் இருந்ததாகவும், நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாகவே ஸ்டென்ட் வைத்து அது சரிசெய்யப்பட்டதாகவும் சொல்லப்பட்டிருந்தது. அக்டோபர் முதல் வாரத்திலேயே அவர் வீடு திரும்பிவிட்டார். "ரத்தக்குழாய் கூட வீங்குமா?" என்று தமிழ்நாட்டில் பலரும் முதன்முறையாகக் கேட்டது அந்த வாரத்தில்தான்.

வீங்கும். நெஞ்சில் மட்டும் இல்லை. வயிற்றில் வரும், மூளையில் வரும், அபூர்வமாகக் காலிலும் வரும். மருத்துவத்தில் இதற்கு அனியூரிசம் என்று பெயர். காலில் வருவது மற்றவற்றைவிட அரிது என்பதால் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டால் காலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய் விடும். முன்கூட்டியே பிடித்துவிட்டால் ஒரு சாதாரண ஸ்கேனும், திட்டமிட்டுச் செய்யும் ஒரு ஆபரேஷனும் போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் விஷயமே. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு அந்தத் தூரம் சில நேரம் நிஜமாகவே கிலோமீட்டரில் அளக்க வேண்டியதாகவும் இருக்கிறது.

காலில் எங்கே வருகிறது?

பழைய சைக்கிள் டியூப்பைப் பார்த்திருப்பீங்க. ஒரு இடத்தில் மட்டும் ரப்பர் தளர்ந்து, காற்றடிக்க அடிக்க அந்த இடம் முட்டை மாதிரி புடைத்துக்கொண்டு வரும். ரத்தக்குழாயிலும் இதேதான். சுவர் பலவீனமான இடத்தில், ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் ரத்தம் வந்து மோத மோத, குழாய் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போகும்.

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி இடுப்பு மடிப்பில் இறங்கி, தொடை வழியாக வந்து, முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழியைக் கடந்து கெண்டைக்காலுக்குப் போகிறது. அந்தப் பின்குழியில் ஓடும் துண்டுக்கு பாப்லிட்டியல் தமனி என்று பெயர். கை, கால் தமனிகளில் வரும் வீக்கங்களில் சுமார் 70 சதவீதம் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. அடுத்தது இடுப்பு மடிப்பு. முழங்காலுக்குக் கீழே வருவது அபூர்வத்திலும் அபூர்வம்.

நல்ல நிலையில் இருக்கும் பாப்லிட்டியல் தமனி ஏறக்குறைய ஒரு பென்சில் தடிமன். அது 2 சென்டிமீட்டரைத் தொட்டால், அதாவது இப்போது புழக்கத்தில் உள்ள ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தை நெருங்கினால், வலியே இல்லாவிட்டாலும் சரிசெய்துவிடுவது நல்லது என்பது ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர்களின் பொதுவான அளவுகோல். வயதும் மற்ற நோய்களும் கூடி ஆபரேஷனே ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்களுக்கு 3 சென்டிமீட்டர் வரை பொறுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ரத்தக்கட்டி படிந்திருந்தால் 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் யோசிப்பார்கள்.

யாருக்கு வருகிறது? பெரும்பாலும் ஆண்களுக்கு, அதுவும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு. 100 பேருக்கு இருந்தால் அதில் 95 பேர் ஆண்கள். பீடி, சிகரெட் பழக்கமும் ரத்தக்கொதிப்பும் முக்கியமான கூட்டாளிகள்.

வெடிக்குமா?

வீக்கம் என்றதும் எல்லோரும் முதலில் பயப்படுவது வெடிப்பதைத்தான். வயிற்றில் வரும் வீக்கத்துக்கு அந்தப் பயம் நியாயமானது. விஞ்ஞானி ஐன்ஸ்டைன் 1955 ஏப்ரலில் இறந்தது வயிற்றுப் பெருந்தமனியில் இருந்த வீக்கம் வெடித்துத்தான். ஆனால் முழங்காலுக்குப் பின்னால் இருப்பது வெடிப்பது ரொம்பக் குறைவு, 100-ல் 5 கூட இருக்காது.

காலில் ஆபத்து வேறு வழியில் வருகிறது. விரிந்த இடத்தில் ரத்தம் வேகமாக ஓடாமல் சுழன்று தேங்கும். தேங்கிய ரத்தம் சுவர் ஓரமாக அடுக்கடுக்காக உறையும். அதிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகள் பிய்ந்து கீழே போய் விரல் நுனியில் சிக்கும். ஒரு விரல் மட்டும் நீலமாகி வலிக்கும், சில நாளில் அடங்கிவிடும், நாமும் மறந்துவிடுவோம். இப்படியே பல தடவை நடக்கும். ஒரு நாள் மொத்த வீக்கமும் உறைந்து அடைத்துக்கொள்ளும். அன்றைக்குக் கால் சில்லிட்டுப் போகும்.

கீழ்பவானி பாசனத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. தலைமடையில் தண்ணி திறந்துவிட்டாலும், கடைமடைக்குப் போகும் கிளை வாய்க்கால்கள் எல்லாம் தூர்ந்து கிடந்தால் என்ன பிரயோஜனம்? முழங்காலுக்குக் கீழே தமனி மூன்று கிளையாகப் பிரிகிறது. பல மாதமாகச் சத்தமில்லாமல் இறங்கிய துணுக்குகள் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக அடைத்துவைத்திருக்கும். கடைசியில் பெரிய அடைப்பு வந்து நோயாளி ஆஸ்பத்திரிக்கு ஓடி வரும்போது, பைபாஸ் குழாயின் கீழ்முனையைக் கொண்டுபோய் இணைக்க நல்ல வாய்க்கால் ஒன்றுகூட மிச்சம் இருக்காது. டாக்டர்கள் கையைப் பிசைவது அந்த இடத்தில்தான்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. சுவீடனில் 1987 முதல் 2002 வரை நாடு முழுவதும் இந்த வீக்கத்துக்காக ஆபரேஷன் செய்யப்பட்ட 717 கால்களை ஆராய்ந்தார்கள். தொந்தரவு வருவதற்கு முன்பே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், ஒரு வருடத்துக்குள் காலை இழந்தது 1.8 சதவீதம். தொந்தரவு வந்த பிறகு வந்தவர்களில் அது 12 சதவீதம். நோய் ஒன்றுதான், வந்த நேரம்தான் வேறு.

எல்லாமே 'நரம்பு' என்றால்...

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கு. உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு, கையில் பச்சையாகத் தெரியும் சிரையும் நரம்பு, ஊசி போடுவதும் நரம்பில், துடிக்கிற தமனியும் நரம்பு. "ஏனுங்க, கெண்டைக்காலு பிடிச்சு இழுக்குதுங்க, நரம்புதானுங்க" என்று சொல்லிவிட்டால் ஊரில் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். வைட்டமின் மாத்திரை, வலி நிவாரணி, தைலம், முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. என்று மாதங்கள் ஓடும். பிரச்சினை ரத்தக்குழாயில் என்ற யோசனையே யாருக்கும் வராது.

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும், நின்றால் இரண்டு மூணு நிமிஷத்தில் விட்டுவிடும், மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி பிடிக்கும் என்றால் அது ரத்த ஓட்டக் குறைவின் அடையாளம். நரம்பு வலி பெரும்பாலும் இப்படிக் கணக்காக வந்து போகாது.

இன்னொரு குழப்பம், சர்க்கரை. கொங்கு மண்டலத்தில் கால் விரல் கறுத்தாலே "சுகர் கால்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். சர்க்கரை நோயாளிகளின் கால் இழப்பைத் தடுக்க 'பாதம் பாதுகாப்போம்' என்று தமிழக அரசே ஒரு திட்டம் நடத்தும் அளவுக்கு அது பெரிய பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரையே இல்லாத, புகைப்பழக்கம் உள்ள ஒரு 65 வயதுக்காரருக்குத் திடீரென்று ஒரு விரல் நீலமானால், அதற்குக் காரணம் ஒன்றரை அடி மேலே, முழங்காலுக்குப் பின்னால் இருக்கலாம். பாதத்தை மட்டும் பார்த்துக் கட்டுப் போட்டு அனுப்பினால் அது தெரியாது.

கட்டியையே பார்த்தாலும் தவறாக நினைக்க வாய்ப்பு உண்டு. முழங்காலுக்குப் பின்னால் வரும் வீக்கம் பெரும்பாலும் மூட்டுநீர் கோர்த்த பேக்கர் நீர்க்கட்டியாகத்தான் இருக்கும். அது பயப்படும் விஷயம் இல்லை. ஆனால் கையை வைத்துப் பார்க்கும்போது கட்டி நாடியோடு சேர்ந்து எழுந்து விரிந்து துடிக்கிறது என்றால், அதை யாரும் பிசையவும் கூடாது, ஊசி குத்தி நீர் எடுக்கவும் கூடாது, சீழ்க்கட்டி என்று கீறவும் கூடாது. தேய்த்தால் உள்ளே படிந்திருக்கும் ரத்தக்கட்டி பிய்ந்து கீழே இறங்கும். கீறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணெய் போட்டு நீவிவிடுவதில் நம்ம ஊருக்கு இருக்கும் நம்பிக்கை தெரிந்ததுதான், சுளுக்குக்கு அது சரி. துடிக்கிற கட்டிக்கு வேண்டாங்க. முழுக்க உறைந்துபோன வீக்கம் துடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதனால் துடிப்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிடவும் முடியாது.

இதற்குத் தீர்வு எளிது. டாப்ளர் ஸ்கேன். வயிற்றுக்கு எடுப்பது போன்ற அதே அல்ட்ராசவுண்ட் கருவிதான், ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டும். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. நீர்க்கட்டியா, ரத்தக்குழாயா, எத்தனை சென்டிமீட்டர், உள்ளே உறைவு இருக்கிறதா என்பதெல்லாம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கோவைக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை, பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் போன்ற ஊர்களில் உள்ள ஸ்கேன் சென்டர்களிலும் இதை எடுக்க முடியும். ஆபரேஷன் முடிவானால் மட்டும், முழு வரைபடம் வேண்டும் என்பதற்காக சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள்.

ஒரு காலில் வீக்கம் உறுதியானால் மறு காலையும் வயிற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு காலில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மற்றக் காலிலும் இருக்கும். 10 பேரில் 3, 4 பேருக்கு வயிற்றுப் பெருந்தமனியிலும் இருக்கும். அது வெடிக்கிற ரகம் என்று மேலே பார்த்தோம். காலில் தென்பட்ட ஒரு கட்டி, வயிற்றில் இருக்கும் பெரிய ஆபத்தைக் காட்டிக்கொடுத்து உயிரைக் காப்பாற்றுவதும் நடக்கிறது.

வால்பாறையிலிருந்து 6 மணி நேரம்

தமனி முழுசாக அடைத்துக்கொண்டால் தசையும் நரம்பும் எவ்வளவு நேரம் தாங்கும்? பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 6 மணி நேரம். அதற்குப் பிறகு ரத்தம் திரும்பி ஓடினாலும் தசை பிழைப்பது சந்தேகம்.

இந்த 6 மணி நேரத்தை நம்ம ஊர் வரைபடத்தில் வைத்துப் பாருங்க. வால்பாறையில் ஒருவருக்கு ராத்திரி 10 மணிக்குக் கால் மரத்துச் சில்லிட்டுப் போகிறது. வாயு பிடிப்பு என்று எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டு, விடியட்டும் என்று படுத்தால் அதிலேயே 7, 8 மணி நேரம் காலி. உடனே கிளம்பினாலும் 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி பொள்ளாச்சி வர சுமார் 65 கிலோமீட்டர். அங்கிருந்து கோவை இன்னும் 40 கிலோமீட்டர். தாளவாடிக்காரர்களுக்குத் திம்பம் மலைப்பாதையில் 27 வளைவு. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, "இங்கே பார்க்க முடியாது, கோயமுத்தூர் கொண்டு போங்க" என்று கேட்டுவிட்டுப் புறப்பட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

அதனால் இந்த அறிகுறிகளை மனதில் வைத்துக்கொள்வது நல்லது: திடீர் வலி, கால் வெளுத்துப்போவது, மற்றக் காலைவிடத் தெளிவாகச் சில்லிட்டிருப்பது, மரத்துப்போவது, விரலை அசைக்க முடியாமை. இவை ஒரே காலில் சேர்ந்து வந்தால் உடனே 108. விரலை அசைக்க முடியவில்லை என்றால் கால் எல்லைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். போகும் ஆஸ்பத்திரியில் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர், அதாவது வாஸ்குலர் சர்ஜன் இருக்கிறாரா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போனால், இடையில் அலையும் ஒரு மணி நேரம் மிச்சமாகும். காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுக்காதீங்க. உணர்ச்சி இல்லாத காலில் தோல் வெந்துபோனாலும் தெரியாது.

அவசரமாக வருபவருக்கு முதலில் ரத்தம் மேலும் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். கால் இன்னும் சில மணி நேரம் தாங்கும் என்றால், மெல்லிய குழாயை உறைவுக்குள்ளேயே நுழைத்து, கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே அடைத்த கிளைகளைத் திறக்கப் பார்ப்பார்கள். நேரமே இல்லை என்றால் நேராக ஆபரேஷன் தியேட்டர். முனையில் சின்ன பலூன் வைத்த குழாயைச் செருகி, உறைவுக்கு அந்தப்பக்கம் போய் பலூனை ஊதி, அப்படியே வெளியே இழுப்பார்கள். அமெரிக்க டாக்டர் தாமஸ் ஃபோகர்ட்டி 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கருவி இது. முதல் பலூனை ஆபரேஷன் கையுறையின் விரல் நுனியை வெட்டி, தூண்டில் கட்டும் முடிச்சுப் போட்டுச் செய்தார் என்பது மருத்துவ மாணவர்கள் ரசித்துச் சொல்லும் கதை. ரத்தம் திரும்பிய பிறகு கெண்டைக்கால் தசை வீங்கி உள்ளுக்குள்ளேயே நெருக்கும். அதற்காகத் தோலையும் தசை உறையையும் நீளவாக்கில் கீறித் திறந்துவிடுவதும் உண்டு. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது காலைக் காப்பாற்றத்தான்.

குதிரை வண்டிக்காரரின் கால்

திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு வருவோம். இதன் கதை 1785-ல் தொடங்குகிறது. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்கு 45 வயது குதிரை வண்டிக்காரர் ஒருவர் முழங்காலுக்குப் பின்னால் பெரிய துடிக்கும் வீக்கத்தோடு வந்தார். அப்போதெல்லாம் இதற்கு இருந்த வழி இரண்டு. வீக்கத்தைத் திறந்து கட்டுவது, அதில் ரத்தம் போயே பலர் சாவார்கள். இல்லையென்றால் தொடையோடு காலை எடுப்பது. டாக்டர் ஜான் ஹன்டர் வீக்கத்தைத் தொடவே இல்லை. மேலே தொடையில் நல்ல இடமாகப் பார்த்துத் தமனியைக் கட்டிவிட்டார். பக்கத்துச் சின்னக் குழாய்கள் மெல்ல விரிந்து காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் என்பது அவர் கணிப்பு. அது பலித்தது. ஆறு வாரத்தில் அந்த மனிதர் நடந்தே வீட்டுக்குப் போனார், மறுபடி வண்டியும் ஓட்டினார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து வேறு காய்ச்சலில் இறந்தபோது, ஹன்டர் அந்தக் காலை வாங்கிப் பாடம் செய்து வைத்தார். தொடையில் அந்தத் தமனி போகும் பாதைக்கு இன்றைக்கும் ஹன்டர் கால்வாய் என்றுதான் பெயர்.

கட்டிவிட்டு இயற்கையை நம்புவது எல்லோருக்கும் பலிக்காது. அடைத்த இடத்துக்குப் புதுப் பாதை போட வேண்டும், அதற்குக் குழாயோடு குழாயைத் தைக்கத் தெரிய வேண்டும். பிரான்ஸ் டாக்டர் அலெக்சிஸ் காரல் அந்தத் தையலை உருவாக்கி 1912-ல் நோபல் பரிசு வாங்கினார். நுண்ணிய ஊசி வேலையை அவர் கற்றுக்கொண்டது லியோன் நகரத்துப் பூத்தையல் பெண் ஒருவரிடம். 1906-ல் ஸ்பெயினில் டாக்டர் கோயானெஸ், முழங்காலுக்குப் பின்னால் வந்த வீக்கத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் சிரையை மாற்றுப் பாதையாக்கி இணைத்தார். பிறகு 1950-களில் அமெரிக்காவின் மைக்கேல் டிபேக்கி, துணிக்கடையில் வாங்கிய டேக்ரான் துணியை வீட்டுத் தையல் மெஷினில் தானே தைத்துச் செயற்கை ரத்தக்குழாய் செய்தார். டேக்ரான் வேறொன்றும் இல்லை, பாலியஸ்டர்தான். திருப்பூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இப்போது எப்படிச் செய்கிறார்கள்?

திறந்து செய்வதில் இரண்டு வழி இருக்கு. ஒன்று, காலின் உட்பக்கமாக முழங்காலுக்கு மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல். வீக்கத்துக்கு மேலும் கீழும் தமனியைக் கட்டிவிட்டு, நோயாளியின் காலிலிருந்தே எடுத்த நீளமான சிரையை வைத்து பைபாஸ். இதய பைபாஸுக்கு எடுப்பார்களே, அதே சிரைதான். சிரைக்குள் ஒரே பக்கம் திறக்கும் வால்வுகள் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைப்பார்கள். இந்த வழியில் ஒரு குறை உண்டு. கட்டிவிட்ட வீக்கத்துக்குள் சின்னக் கிளைகள் வழியாக ரத்தம் கசிந்து, சிலருக்கு வருடங்கள் கழித்து அது மறுபடி பெரிதாகும்.

இன்னொன்று, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலுக்குப் பின்னால் எஸ் வடிவத்தில் கீறுவது. வீக்கத்தையே திறந்து, உறைவை வழித்து எடுத்து, கிளைகளின் வாயை உள்ளிருந்தே தைத்து மூடிவிட்டு, நடுவில் சிரைத் துண்டை வைத்து இணைப்பார்கள். வீக்கம் பெரிதாகிப் பக்கத்து நரம்பையும் சிரையையும் அழுத்தும்போது இது நல்ல வழி. ஆனால் வீக்கம் தொடை வரை நீண்டிருந்தால் இந்தக் கீறல் எட்டாது.

சொந்தச் சிரை கிடைக்காவிட்டால் மட்டுமே செயற்கைக் குழாய். முழங்கால் பகுதியில் சொந்தச் சிரைதான் அதிக வருடம் அடைக்காமல் ஓடுகிறது.

"ரஜினிக்குச் செய்த மாதிரி ஸ்டென்ட் வெச்சுடலாமே, கத்தியே வேண்டாமே?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வைக்கலாம். இடுப்பு மடிப்பில் தமனி வழியாக நுழைந்து, துணி போர்த்திய ஸ்டென்ட்டை வீக்கத்துக்குள் விரித்துவிட்டால் ரத்தம் அதற்குள்ளேயே ஓடும். வயதானவர்களுக்கும், இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருந்து மயக்க மருந்து தாங்காதவர்களுக்கும் இது வரம். ஆனால் நெஞ்சுக்குள் இருக்கும் பெருந்தமனி மடங்குவதில்லை, முழங்கால் மடங்குகிறது. அதுவும் நம்ம ஊரில் எப்படி மடங்குகிறது என்று யோசிங்க. சம்மணம் போட்டுச் சாப்பாடு, குத்த வைத்துக் களை எடுப்பு, மஞ்சள் காட்டு வேலை, இந்திய முறைக் கழிப்பறை. ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் உலோகம் வளைந்து நிமிர்கிறது. காலப்போக்கில் மடிந்து அடைக்கவோ, கம்பி முறியவோ வாய்ப்பு கூடுகிறது. இன்னும் 5 வருடத்துக்கு மேல் நன்றாக வாழக்கூடியவர், நல்ல சிரையும் இருக்கிறது என்றால், திறந்து செய்யும் ஆபரேஷனையே முதலில் யோசிக்கச் சொல்கின்றன அமெரிக்க ரத்தநாள அறுவை சிகிச்சை சங்கத்தின் வழிகாட்டுதல்கள். எனவே டாக்டரிடம் போகும்போது உங்கள் வேலை என்ன, தரையில் உட்காருவீங்களா, குத்த வைப்பீங்களா என்பதை மறக்காமல் சொல்லிடுங்க. அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்க. சின்னக் கீறல் என்பது மட்டும் முடிவெடுக்கக் காரணமாக இருக்கக் கூடாது என்பது நம் கருத்து.

இன்னும் அபூர்வமான சில

இடுப்பு மடிப்பில் வருவதில் ஒரு வகை, நிஜ வீக்கம் இல்லை. தொடை வழியாக ஆஞ்சியோகிராம் செய்த இடத்தில் ஓட்டை மூடாமல் ரத்தம் வெளியே கசிந்து, சுற்றிச் சதை உறை போட்டுக்கொள்ளும். போலி அனியூரிசம் என்பார்கள். ஸ்கேன் பார்த்துக்கொண்டே அழுத்திப் பிடித்தோ, த்ராம்பின் என்ற மருந்தை உள்ளே ஊசியாகப் போட்டு உறையவைத்தோ பெரும்பாலும் கத்தியில்லாமலே முடித்துவிடலாம். இப்போது மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்வது அதிகமாகிவிட்டதால் இது குறைந்து வருகிறது. பைக் விபத்திலோ, கம்பி குத்தியோ காயம்பட்ட காலில் சில வாரம் கழித்துத் துடிக்கும் கட்டி வந்தாலும் இதே சந்தேகம் வர வேண்டும்.

புட்டத்தில் வருவது இன்னொரு விசித்திரம். கரு வளரும்போது காலுக்கு ரத்தம் கொடுக்கும் பழைய தமனி ஒன்று இருக்கும், பிறப்பதற்கு முன்பே அது சுருங்கி மறைந்துவிட வேண்டும். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக, சிலருக்கு அது மறையாமல் அப்படியே தங்கிவிடும். உட்காரும் இடத்தில் இருப்பதால் நாள்பட அழுந்தி வீங்கும். உட்கார்ந்தால் வலி, காலில் இழுப்பு, சயாட்டிகா என்றே சிகிச்சை நடக்கும். இப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் காலின் முழு ரத்த ஓட்டமும் அந்தப் பழைய தமனியை நம்பியே இருக்கும். அதனால் எது பிரதானப் பாதை என்று பார்த்து, தேவைப்பட்டால் முதலில் பைபாஸ் போட்டுவிட்டுத்தான் வீக்கத்தை அடைப்பார்கள்.

30, 40 வயதில் காலில் வீக்கம் வந்தால் வேறு காரணம் தேட வேண்டும். பெச்செட் போன்ற ரத்தக்குழாய் அழற்சி நோயா, கிருமித் தொற்றா என்று பார்ப்பார்கள். கிருமித் தொற்றால் வந்ததில் செயற்கைக் குழாய் வைத்தால் அதிலும் தொற்றிக்கொள்ளும். கெட்ட பகுதியை முழுசாக வெட்டி எடுத்துவிட்டுச் சொந்தச் சிரையை வைப்பதோடு, நீண்ட நாள் ஆன்டிபயாடிக்கும் தேவைப்படும்.

செலவு, அதற்குப் பிறகு

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ரத்தநாள அறுவை சிகிச்சைகளும் அதில் ஒரு பிரிவு. கோவை அரசு மருத்துவமனையானாலும் அவிநாசி ரோட்டில் இருக்கும் பெரிய தனியார் ஆஸ்பத்திரியானாலும், அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் போய், உங்களுக்குச் சொன்ன சிகிச்சைக்கு அந்த ஆஸ்பத்திரியில் அனுமதி இருக்கிறதா, ஸ்டென்ட் விலையும் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்க. அட்டை இல்லாதவர்கள் வலி வந்த பிறகு வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு ஓடுவதைவிட இப்போதே வாங்கி வைக்கலாம்.

ஆபரேஷன் முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. 3-வது மாதம், 6-வது மாதம், ஒரு வருடம், பிறகு வருடாவருடம் டாப்ளர் பார்க்க வேண்டும். வைத்த சிரையில் சுருக்கம் வருகிறதா என்று முன்கூட்டியே தெரிந்தால் பலூன் வைத்து விரித்துவிடலாம், அடைத்த பிறகு தெரிந்தால் கஷ்டம். மற்றக் காலையும் அதே நாளில் பார்த்துவிடச் சொல்லுங்க. பீடியோ சிகரெட்டோ தொடர்ந்தால் பைபாஸ் அடைபடும் வாய்ப்பு பெரிதாகக் கூடும். இரண்டு வாரத்தில் "நல்லாத்தானே இருக்கு" என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவதும் நடக்கிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

வயிற்றிலோ நெஞ்சிலோ பெருந்தமனி வீக்கமும் இருப்பவர்களுக்கு மருந்துக்கடை விஷயம் ஒன்றும் இருக்கு. சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை, வேறு வழி இருந்தால், இவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. பேதிக்கும் சளிக்கும் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் மாத்திரைகள் இவை. எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு ரத்தக்குழாய் வீக்கம் இருக்குங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்க. மற்றக் காலுக்கோ இதயத்துக்கோ பின்னாளில் பைபாஸ் தேவைப்பட்டால், எந்தக் காலிலிருந்து சிரை எடுத்தாச்சு என்பது அந்த ரிப்போர்ட்டில்தான் இருக்கும்.